மடிப்பு விழாத கம்பளம்

ஹமதானில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அக்தஸ் முதலில் பார்ப்பது நோயாளியின் முகத்தை அல்ல, வாசலில் கிடக்கும் கம்பளத்தைத்தான். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள். ஒரு நாளைக்குப் பத்து வாசல் என்று வைத்துக்கொண்டாலும் எத்தனை வாசலில் செருப்பைக் கழற்றியிருப்பாள்! மருந்துக் கடைக்காரர் வீட்டில் மெஷின் நெசவு. பளபளவென்றிருக்கும், ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கதவோடு சேர்ந்து உள்ளே ஓடும். பல் டாக்டர் வீட்டில் பட்டு. பட்டின் மேல் பிளாஸ்டிக் தாள், தாளின் மேல் பழைய துண்டு. அந்தப் பட்டு என்ன நிறம் என்று டாக்டரின் மனைவிக்கே மறந்து போயிருக்கும். இடுப்பு வலிக்கார வாத்தியார் வீட்டில் மூலை சுருண்ட கம்பளம். அதில் தடுக்கி விழுந்துதான் அவருக்கு இடுப்பு போனது. அக்தஸ் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவர் ஊசியை மாற்றச் சொல்கிறாரே தவிர, கம்பளத்தை மாற்றுவதாக இல்லை.

இவ்வளவு வாசல்களை மிதித்தவளுக்குச் சொந்தமாக ஒரு வாசல் கிடைத்தது இந்த வருஷம்தான். மாமனார் வீட்டை விற்றுப் பங்கு பிரித்ததும், அவளும் புருஷன் யதுல்லாவும் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்தார்கள். மகன் பெஹ்ஸாதுக்குக் கல்யாணமும் முடிந்தது. மருமகள் மர்ஜான். இருவரும் வேறு பேட்டையில் வாடகைக்கு இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாகோஷா.

பாகோஷா என்றால் காலைத் திறந்துவிடுதல். கல்யாணம் முடிந்த பெண்ணைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக முதல் தடவை விருந்துக்கு அழைப்பார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்டபின் அந்த வீட்டுக்கு அவள் நினைத்த நேரத்தில் வரலாம், போகலாம். கால் திறந்துவிட்டதல்லவா!

அக்தஸின் கால் திறந்த கதை ஊரறிந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், மாமனார் வீட்டுப் பாகோஷாவுக்கு, குதி உயர்ந்த வெள்ளைச் செருப்போடு வாசல்படியில் நின்றாள். உள்ளே காலை வைத்தாள். கம்பளம் மடிந்து கிடந்தது. கால் சிக்கிக் குப்புற விழுந்தாள், சுவரைப் பிடிக்கப் போன கை நிலைக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. கண்ணாடி சுக்குநூறானது.

எங்கள் ஊரில் ஏதாவது உடைந்தால் பக்கத்தில் இருப்பவர் சட்டென்று "கண்டம் கழிஞ்சது" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் வரவிருந்த கெடுதல் உடைந்த சாமானோடு தொலைந்தது. சொல்ல ஒரு மூச்சுகூடப் பிடிக்காது. அன்று அந்த வாசலில் நின்ற பதினாறு பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆறு நாள் கழித்து மாமனாருக்கு வலது பக்கம் விளங்காமல் போனது. நாத்தனார் பத்ரி, புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள், நாலு பேர் கேட்கத் தீர்ப்புச் சொன்னாள்: "இவ கால் சரியில்ல."

மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அக்தஸ் அந்த வீட்டுக்கே குடிபோனாள். அவருக்குத் தினம் ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் வருவான், பனி பெய்தால் வரமாட்டான். அவளே கற்றுக்கொண்டாள். நாலு வருஷம் போட்டாள். "உன் கை லேசும்மா, ஊசி போட்டதே தெரியல" என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதர் கண்ணை மூடினார். அந்த லேசான கைதான் பிறகு அவளுக்குத் தொழிலாயிற்று. ஊருக்கெல்லாம் அவள் கை லேசு. வீட்டில் மட்டும் அவள் கால் கனம். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தாலும் பத்ரி அவள் பாதத்தைத்தான் பார்ப்பாள். யதுல்லா டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறுகிறவர். கம்பத்து உச்சியில் பயப்படாத அந்த மனுஷர் அக்காவின் முன்னால் வாயைத் திறந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பாகோஷாவுக்குப் பத்ரியும் வருகிறாள். அழைக்காமல் இருக்க முடியுமா? மர்ஜான் தடுக்கி விழ வேண்டியதுகூட இல்லை, லேசாகத் தள்ளாடினால் போதும். அக்தஸுக்குத் தன்னைப் பற்றிய கவலை விட்டுப் பல வருஷமாயிற்று. அந்தப் பெண்ணின் தலையிலும் அந்தச் சொல் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அவள் தரையில் படுத்துக்கொண்டு கதவின் அடியில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"என்ன தேடுற?" என்றார் யதுல்லா, டீ கிளாஸோடு.

"கதவுக்கும் தரைக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்கறேன். கம்பளம் தடிமனா இருந்தா கதவு தட்டும். மெலிசா இருந்தா மடியும்."

"நாலு வீதி முனையில ரப்பர் மிதியடி தொங்குது. ஒண்ணு வாங்கிப் போட்டா தீந்துது. இதுக்குப் போய் தரையில உருளறியே!"

"ரப்பர் மிதியடில உங்கக்காவ வரவேற்கலாம். என் மருமகள வரவேற்க முடியாது."

அவர் டீயை ஊதிக் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டார். அக்தஸ் பையிலிருந்து ஊசிமருந்துப் பெட்டி ஒன்றை எடுத்துப் படுக்கைவசமாகக் கதவின் கீழ் தள்ளிப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் நுழைந்தது. பெட்டியின் உயரம்தான் அளவு. அதைப் பையில் போட்டுக்கொண்டு, நாலு வீட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, பஜாருக்குப் போனாள்.

மிர்ஸாயியின் கடை பஜாரின் உள் சந்தில் இருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். போன குளிர்காலத்தில் அக்தஸ்தான் ஊசி போட்டாள். ஆகவே அவளைக் கண்டதும் கை தன்னால் சட்டைக் கையைச் சுருட்டப் பார்த்தது.

"இன்னிக்கு உங்களுக்கு இல்ல. எனக்குக் கம்பளம் வேணும். வாசலுக்கு" என்றாள்.

"அப்பாடா! உக்காருங்க தங்கச்சி. இந்தக் கடையே உங்களோடதுதான்."

பெரிய மனுஷர்களுக்குக் காட்டுவதை முதலில் காட்டினார். தயிர் நிறத்தில் ஒன்றை விரித்தார். நடுவில் வெளிர் நீலத்தில் ஒற்றைப் பூ, சுற்றிலும் மயிரிழை போல் கொடிகள். அக்தஸ் குனிந்து பார்த்தாள். அவ்வளவு அழகான ஒரு பொருள் அவளுக்கென்று இருந்ததே இல்லை. கையால் தடவினாள், குழந்தையின் கன்னம் போல் இருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, மருந்துப் பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

மிர்ஸாயி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "தங்கச்சி, கம்பளத்துக்கு ஊசி போடப் போறீங்களா?"

"அளவு பாக்கறேன். பெட்டிக்கு மேல உயரமா இருந்தா கதவு தட்டும். இது பாதி உயரந்தான் வருது."

"பின்ன? மெலிசுதானே இதுக்குப் பெருமை! அடியில திருப்பிப் பாருங்க, முடிச்சை எண்ணக் கண்ணு போதாது."

அக்தஸ் திருப்பிப் பார்க்கவில்லை. நாலடி பின்னால் போய், வேகமாக நடந்து வந்து, கால் கட்டைவிரலைக் கம்பளத்தின் ஓரத்தில் வேண்டுமென்றே இடித்தாள். தயிர் நிறக் கம்பளம் அழகாக ஓர் அலை எழுப்பி மடிந்தது. அன்று கிடந்ததும் இப்படித்தான் மடிந்திருக்கும்.

"வேற காட்டுங்க."

அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கடையில் நடந்ததைச் சந்துக்காரர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி ஒவ்வொரு கம்பளத்தின் மேலும் ஓடி வந்து தடுக்கி விழப் பார்க்கிறாள். விழாவிட்டால் சிரிக்கிறாள், தடுக்கினால் முகத்தைச் சுளிக்கிறாள். எதிர்க் கடைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, எல்லாரும் விழாம நடக்கத்தான் கம்பளம் வாங்குவாங்க. நீங்க விழுந்து விழுந்து பாக்கறீங்களே!" என்றார் மிர்ஸாயி.

"இங்க விழுந்து பாத்தாத்தான் அங்க விழமாட்டாங்க."

கடைசியில் மூலையில் சுருட்டிக் கிடந்த ஒன்றைக் காட்டினாள். மிர்ஸாயிக்கு அதை விரிக்க வெட்கம். "அது வேண்டாம். மலையடிவாரத்து நெசவு. முரடு. அதுவும் கோணல்."

"விரிங்க, பாப்போம்."

விரித்தார். கருஞ்சிவப்பும் கருநீலமும். உண்மையிலேயே கோணல்தான், ஒரு முனையைவிட மறு முனை இரண்டு விரல் கூடுதல் அகலம். நடுவில் சிவப்பு நூல் தீர்ந்துபோய் வேறு சிவப்பைப் போட்டு நெய்திருந்தாள் நெய்த பெண். ஓரத்தில் ஆடா நாயா என்று தெரியாத ஒரு பிராணி, அதற்கு மூன்றே கால். அக்தஸ் பெட்டியை வைத்தாள். சரிமட்டம். பின்னால் போனாள், ஓடி வந்தாள், இடித்தாள். கம்பளம் அசையவில்லை. அவளுக்குத்தான் விரல் வலித்தது.

"இதுதான்" என்றாள்.

"கோணல்னு சொன்னேனே!"

"கோணலா இருந்தா என்ன, சமமா படுத்துக் கெடக்குதே. மூலை சுருளுமா?"

"நாள்பட்டா எதுவும் சுருளும். விளிம்புக்கு அடியில தோல் பட்டை வெச்சுத் தைக்கச் சொல்றேன். அப்புறம் செத்தாலும் சுருளாது."

விலை கேட்டாள். "உங்ககிட்ட காசா? சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார், எங்கள் ஊர் வழக்கப்படி. அவள் மூன்று முறை கேட்டாள், அவர் மூன்று முறை மறுத்தார், நாலாவது முறை சொன்ன விலையில் அக்தஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரம் பேசி முடித்தபோது இரண்டு பேருக்கும் திருப்தி. தயிர் நிறத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்க்கும்படி வற்புறுத்தினார். இரண்டு நாள் வைத்திருந்து பிடிக்காவிட்டால் திருப்பித் தருவது பஜாரில் எல்லாருக்கும் உள்ள சலுகைதான். அக்தஸ் மறுக்கவில்லை. ஆசை யாரை விட்டது?

முரட்டுக் கம்பளம் பட்டை தைக்கப் போய்விட்டது. தயிர் நிறம் செவ்வாயும் புதனும் வாசலில் கிடந்தது. வீடே வெளிச்சமாகிவிட்டதுபோல் இருந்தது. வேலை முடிந்து வந்து, சும்மா கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். புதன்கிழமை யதுல்லா ரொட்டி வாங்கிக்கொண்டு அவசரமாக உள்ளே வந்தார். கம்பளம் ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார், ரொட்டி செருப்பு அலமாரிக்குப் போயிற்று.

"யா அலீ!" என்று அலறினார். எழுந்து முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார். "இப்ப நான் விழுந்தேனே, யார் கால் சரியில்லன்னு சொல்லுவாங்க?"

அக்தஸ் சிரிக்கவில்லை. "அன்னிக்கு இத நீங்க சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. ரொட்டியைப் பொறுக்கித் தட்டினார். "சொல்லியிருக்கணும். எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு. பயந்தாங்கொள்ளி" என்றார். "இப்பவும் அப்பிடித்தான்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். அன்று மாலை தயிர் நிறக் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே, மிர்ஸாயி கடையில் கொடுத்துவிட்டு வந்தார். வியாழக்கிழமை முரட்டுக் கம்பளத்தைச் சுமந்து வந்ததும் அவர்தான். விரித்தார்கள். கதவு அதன் மேல் உரசாமல் போய் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு முழுக்கக் குங்குமப்பூ வாசனை. பதினோரு பேர் உள்ளே காத்திருந்தார்கள். பத்ரி இன்னும் வரவில்லை. அழைப்பு மணி அடித்தபோது அக்தஸ் கம்பளத்தை இன்னொரு தடவை கையால் நீவிவிட்டாள். யதுல்லா குர்ஆனை உயர்த்திப் பிடித்தார். அக்தஸ் கண்ணேறு கழிக்கக் கரியில் எஸ்ஃபந்த் விதையைப் போட்டாள். படபடவென்று வெடித்துப் புகைந்தது. குர்ஆனுக்குக் கீழே குனிந்து மர்ஜான் வந்தாள். வாசல்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். ஒரு காலில் நின்று தத்தினாள், பெஹ்ஸாதின் தோளைப் பிடித்தாள். அக்தஸ் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் காலையே பார்த்தாள். சின்னப் பாதம். நகத்தில் மாதுளை நிறச் சாயம். உள்ளே வந்தது, கம்பளத்தில் படிந்தது. அடுத்த பாதமும் வந்தது.

"ஐயோ அத்தை, இந்த ஆட்டுக்கு மூணு கால்தான் இருக்கு!" என்று மர்ஜான் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை! அக்தஸுக்கு அழுகை வந்துவிட்டது. மருமகளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், புகைச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதை மறந்து.

அந்த நேரத்தில்தான் மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. பத்ரி. இரண்டு கையாலும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை மார்போடு அணைத்திருந்தாள், கிண்ணம் நிறைய மிட்டாய். கருப்புப் போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, அதில் மூன்று மாடி. செருப்பை உதறிவிட்டு வாசல்படியைத் தாண்டினாள். போர்வையின் நுனி படியில் மாட்டியது. அக்தஸ் கையை நீட்டுவதற்குள் பத்ரி முழங்கால் இரண்டும் ஊன்றக் கம்பளத்தின் மேல் விழுந்தாள். கிண்ணம் செருப்பு அலமாரியில் மோதிச் சிதறியது.

மர்ஜானைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் பழைய கதை தெரியும். எல்லோரும் அக்தஸைப் பார்த்தார்கள். யதுல்லா மட்டும் கூரையைப் பார்த்தார்.

பொய் சொல்லக் கூடாது. அந்த ஒரு நொடி அக்தஸுக்கு இனித்தது. இருபத்தேழு வருஷமாகத் தன் காலில் கட்டிவிட்ட சொல் இதோ நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. புது வீடு, முதல் தடவை, உடைந்த கண்ணாடி. மூன்றே சொல்தான். அவள் குனிந்து பத்ரியைப் பார்த்தாள். பத்ரி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அடி விழப் போகிறது என்று தெரிந்த குழந்தை அப்படித்தான் மூடிக்கொள்ளும். ஊசிக்கு முன்னால் அந்த முகத்தை அக்தஸ் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அந்த முகத்தை அவளால் ஒருநாளும் வலிக்க விட முடிந்ததில்லை.

"கண்டம் கழிஞ்சது!" என்று உரக்கச் சொன்னாள். "வந்த கெடுதல் கிண்ணத்தோட போச்சு! என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? குலவை போடுங்க!"

முதலில் குலவை போட்டது மர்ஜான். பிறகு வீடே அதிர்ந்தது. பெஹ்ஸாத் துடைப்பம் கொண்டு வந்தான், யாரோ மிட்டாயைப் பொறுக்கினார்கள். அக்தஸ் கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து பத்ரியின் முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. கம்பளம் தாங்கிடுச்சு." பத்ரி கம்பளத்தைக் கையால் அழுத்தினாள். அந்தச் சந்தடியில் அக்தஸுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அன்னிக்கு அங்க கெடந்தத நாந்தான் விரிச்சேன். காலையில உதறிட்டு அவசரத்துல விரிச்சேன். மடிஞ்சு கெடந்துச்சு. பாத்தேன், அக்தஸ். அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு போயிட்டேன்."

அக்தஸின் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நீ விழுந்ததும் எல்லாரும் என்னைத் திட்டுவாங்கன்னு பயந்துட்டேன். அதான் முந்திக்கிட்டேன்."

கோபம் வந்தது. வராமல் எப்படி? ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. நெடுந்தூரம் தூக்கி வந்த பையைக் கீழே வைத்ததுபோல் தோள் தளர்ந்தது. அவ்வளவுதானா? ஒரு மடிப்பா? அக்தஸ் எழுந்து, பத்ரியின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"இத உள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"சாப்பிட்டுட்டுச் சொல்றேனே."

"சாப்பிடறதுக்கு முன்னாடி."

சோற்று விரிப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்தஸ் யாருக்கும் பரிமாறவில்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பசியில் எல்லோரும் கரண்டியைப் பார்க்க, பத்ரி தொண்டையைக் கனைத்தாள், டீயைக் கேட்டாள், குடித்தாள், கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்தஸ் கால்ல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு அவ விழுந்தது நான் கம்பளம் விரிச்ச லட்சணத்தால. கால் ராசி அது இதுன்னு நான் சொன்னதெல்லாம் சும்மா."

யதுல்லா எழுந்து, நேராக மனைவியிடம் வந்து, கையிலிருந்த கரண்டியை வாங்கினார். "நீ உக்காரு. இன்னிக்கு நான் போடறேன்" என்றார். முதல் கரண்டியைப் பத்ரிக்கும் போடவில்லை, மருமகளுக்கும் போடவில்லை, அக்தஸுக்குப் போட்டார்.

மர்ஜான் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். மாமியாரின் பக்கம் சாய்ந்து, "அத்தை, கால் ராசி சரியில்லன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

அக்தஸ் அவள் தட்டில் இறைச்சித் துண்டைத் தள்ளினாள்.

"கம்பளம் சமமா கெடக்கலன்னு அர்த்தம். சாப்பிடும்மா, ஆறிடும்."